ஹன்னா என்னும் அருட்பெயர்: கிரேசியா நாசி அம்மையாரின் வாழ்வு

பெயரிடுதல் மாந்த இனத்தின் தொன்மையான வழக்கங்களுள் ஒன்று. குழந்தைக்குப் பெயர் சூட்டும் பெற்றோர், அப்பெயரோடு தம் வேண்டுதலையும் சேர்த்தே சூட்டுகின்றனர். நம் தமிழில் ‘பொருள்’ என்னும் சொல் பெயரின் கருத்தையும் குறிக்கும். கையிலுள்ள செல்வத்தையும் குறிக்கும். தம் பெயரின் பொருளை மறைத்து வாழ வேண்டிய நாட்டில் பிறந்து, தம் கைப்பொருளால் அப்பெயரின் பொருளை மெய்ப்பித்துக் காட்டிய பெண்மணி ஒருவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். வரலாறு அவரைக் கிரேசியா நாசி என அழைக்கிறது. ஹன்னா என்னும் எபிரேயப் பெயரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கும் அவருடைய வாழ்வை ஈண்டுக் காண்போம்.

பெயரின் வேர்

எபிரேயத்தில் ஹன்னா மூன்று எழுத்துகளால் ஆகிய சிறு பெயர். அரபியைப் போலவே எபிரேயத்திலும் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரிலிருந்து கிளைக்கின்றன. ஹன்னா என்பதன் வேர் ‘ஹ–ந–ந’ என்பதாகும். இரங்குதல், பரிவு காட்டுதல், அருள்புரிதல் என்பன அவ்வேரின் பொருள்கள். எனவே ஹன்னா என்னும் பெயரை ‘அருள்’ என்றே தமிழாக்கலாம்.

இதே வேர் அரபியிலும் உண்டு. ‘ஹனான்’ என்றால் பரிவு. திருக்குர்ஆனில் மர்யம் அத்தியாயத்தில், யஹ்யா நபி (அலை) அவர்களுக்கு இறைவன் அளித்த பேறுகள் கூறப்படுமிடத்தில் இச்சொல் இடம்பெறுகிறது. அப்துல் ஹன்னான் என நம்மவர் இடும் பெயரும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே. யோஹனான் என்னும் எபிரேயப் பெயருக்கு ‘இறைவன் அருளினான்’ என்பது பொருள். அதுவே யோவான், ஜான், இசுபானியரின் ஹுவான், போர்த்துக்கீசியரின் ஜுவாவ் எனப் பல வடிவங்களில் உலகெங்கும் வழங்குகிறது. உரோமக் குடியரசை நடுங்கவைத்த கார்த்தேஜ் நகரப் படைத்தலைவன் ஹன்னிபாலின் பெயரிலும் இவ்வேரே உள்ளது. அங்கே அருள்புரிபவன் பால் என்னும் தெய்வம் என்பதுதான் வேறுபாடு.

வேண்டி நின்ற இரு தாயர்

ஹன்னா என்னும் பெயரைக் கேட்டவுடன் சமய வரலாற்றில் இரு தாயர் நினைவுக்கு வருவர். முதலாமவர் சாமுவேல் இறைத்தூதரின் அன்னை. யூதர், கிறித்தவர் ஆகிய இரு சாராரின் வேதத்திலும் அவர் கதை உண்டு. நெடுநாள் பிள்ளைப்பேறின்றி வாடிய அவர், சீலோ என்னும் ஊரின் வழிபாட்டிடத்தில் நின்று இறைஞ்சினார். அவருடைய உதடுகள் அசைந்தன, குரலோ வெளிவரவில்லை. அதைக் கண்ட குரு ஏலி, அவர் மது அருந்தியிருப்பதாகத் தவறாக எண்ணினார். பிறக்கும் மகனை இறைப்பணிக்கே ஒப்படைப்பதாக அவர் நேர்ந்துகொண்டார், அவ்வாறே ஒப்படைத்தார். குரலெழாத இவ்வேண்டுதலையே யூத ஆசிரியர்கள் பிற்காலத்தில் தொழுகைக்கு முன்மாதிரியாகக் கொண்டனர்.

இரண்டாமவர் மர்யம் (அலை) அவர்களின் அன்னை. திருக்குர்ஆன் அவரை இம்ரானின் துணைவியார் என்றே குறிக்கிறது. விரிவுரையாளர்கள் அவர் பெயரை ஹன்னா எனத் தருகின்றனர். தம் வயிற்றிலிருந்த குழந்தையை இறைவனுக்கென நேர்ந்துகொண்டவர் அவர். பிறந்தது பெண்ணாக இருந்தும் அந்நேர்ச்சை ஏற்றுக்கொள்ளப்பட்டது. கிறித்தவ மரபில் மரியாளின் தாயாகிய அன்னம்மாள் இவரே.

இருவர் வாழ்விலும் பெயர் சொல்லும் அருள், பெற்றுக்கொள்வதோடு நின்றுவிடவில்லை. பெற்றதைக் கொடுத்துவிடுவதில் நிறைவெய்தியது. இக்கருத்தை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஒலிவழியும் பொருள்வழியும்

ஒரு பெயர் மொழிவிட்டு மொழி செல்ல இரு வழிகள் உண்டு. முதலாவது ஒலிவழி. எபிரேயத்தின் தொண்டையொலிக்கு உரிய எழுத்துக் கிரேக்கத்தில் இல்லாமையால் ஹன்னா அங்கே அன்னா ஆயிற்று. இலத்தீன் அதனைப் பின்பற்றியது. தமிழ் விவிலியத்தில் அது அன்னாள் என நிற்கிறது. தமிழர் செவிக்கு அன்னை என்பதும் அன்னம் என்பதும் உடன் ஒலித்தாலும், அவற்றோடு இப்பெயருக்கு வேர்த்தொடர்பு இல்லை.

இரண்டாவது பொருள்வழி. ஒலியைக் கைவிட்டுக் கருத்தை மட்டும் வேற்றுமொழிச் சொல்லில் ஏற்றி அனுப்புதல் இது. இசுபானிய மொழியில் அருளுக்குக் ‘கிரேசியா’ என்று பெயர். ஐபீரிய நாடுகளின் யூதக் குடும்பங்களில் ஹன்னா என்னும் பெயருக்கு நேராகக் கிரேசியா என்பது வழங்கியது. நம் வரலாற்றுத் தலைவியின் பெயரும் அவ்வாறு அமைந்ததே எனக் கொள்ளப்படுகிறது.

இரு பெயர் தாங்கிய வாழ்வு

1492ஆம் ஆண்டில் இசுபானிய அரசு யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியது. பல்லாயிரவர் அண்டை நாடாகிய போர்த்துக்கலில் புகலடைந்தனர். ஐந்தே ஆண்டுகளில் அங்கும் கதவு அடைபட்டது. 1497இல் போர்த்துக்கல் மன்னர் யூதர்களை வலுக்கட்டாயமாக ஞானமுழுக்குப் பெறச் செய்தார். இங்ஙனம் மதம் மாற்றப்பட்டவர்கள் புதுக்கிறித்தவர் எனப்பட்டனர். வெளியில் ஒரு வழிபாடு, வீட்டுக்குள் மற்றொரு வழிபாடு. வெளியில் ஒரு பெயர், வீட்டுக்குள் மற்றொரு பெயர் என அவர்களுள் பலருடைய வாழ்வு இரண்டாகப் பிளவுபட்டது.

அத்தகைய குடும்பம் ஒன்றில், 1510ஆம் ஆண்டில், லிஸ்பன் நகரில் நம் அம்மையார் பிறந்தார். ஞானமுழுக்கில் அவருக்கு இடப்பட்ட பெயர் பியாட்ரிஸ் டி லூனா. கிரேசியா என்பது வீட்டுக்குள் வழங்கிய பெயர். நாசி என்னும் குடிப்பெயருக்கு எபிரேயத்தில் தலைவர் என்று பொருள்.

இத்துயரம் யூதர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. காஸ்டீல் பகுதி முஸ்லிம்கள் 1502இல் மதம் மாறவோ வெளியேறவோ பணிக்கப்பட்டனர். மொரிஸ்கோக்கள் எனப்பட்ட மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் அரபு மொழி, உடை, பெயர் ஆகியவற்றைக் கிரானடாவில் 1567ஆம் ஆண்டு ஆணை தடைசெய்தது. இறுதியில் 1609 முதல் 1614 வரை அவர்களும் நாடு கடத்தப்பட்டனர். ஆட்சியாளர் ஓர் இனத்தை அழிக்க முற்படும்போது அதன் பெயர்களின்மீதும் கைவைக்கின்றனர் என்பதற்கு ஐபீரிய வரலாறு இருமுறை சான்று பகர்கிறது.

மிளகும் செல்வமும்

1528இல் பியாட்ரிசுக்கும் பிரான்சிஸ்கோ மென்டெஸ் என்பவருக்கும் திருமணம் நடந்தது. அவரும் புதுக்கிறித்தவர்; பெருவணிகர். அவருடைய தம்பி தியோகோ, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இருந்து வணிகத்தை நடத்தினார். அக்குடும்பத்தின் செல்வத்திற்கு ஊற்றாக இருந்தவற்றுள் தலையாயது நம் மேற்குக் கரையின் மிளகு. 1498இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துக்கீசியர் மிளகு வணிகத்தைத் தம் அரசின் தனியுரிமையாக்க முயன்றனர். அம்மிளகை ஐரோப்பியச் சந்தைகளில் விற்றுக்கொடுத்த நிறுவனங்களுள் மென்டெஸ் குடும்பத்தினது முன்னணியில் நின்றது. மலபார்க் கடலில் குஞ்ஞாலி மரைக்காயர்கள் எதிர்த்துப் போரிட்ட அதே அரசுக்குத்தான், லிஸ்பனில் இக்குடும்பம் அஞ்சி வாழ்ந்தது என்பது வரலாற்றின் விந்தை.

1530களின் நடுப்பகுதியில் பிரான்சிஸ்கோ மறைந்தார். இருபத்தைந்து வயதளவில், கைக்குழந்தையோடு பியாட்ரிஸ் கைம்பெண் ஆனார். குழந்தையின் ஞானமுழுக்குப் பெயர் அனா. ஹன்னா என்னும் பெயரே கிரேக்கமும் இலத்தீனும் கடந்து, அடையாளம் தெரியாத வடிவில் அக்குழந்தையிடம் வந்து சேர்ந்திருந்தது. தாயிடம் பெயரின் பொருள். மகளிடம் பெயரின் ஒலி. அம்மையாரின் மருமகன் முறையினரான ஜுவாவ் மிக்கேஸ் தாங்கியிருந்த பெயரும் அதே வேரினது.

1536இல் போர்த்துக்கலில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. மறைவாக யூத நெறி பேணுவோர் எனத் தீர்ப்பாகியவர்களின் உடைமை பறிக்கப்பட்டது. பலர் நெருப்பிலும் இடப்பட்டனர். செல்வம் மிகுந்தோர்மீது ஐயமும் மிகுந்தது. 1537இல் அம்மையார் மகளையும் தங்கை பிரியாண்டாவையும் உறவினரையும் அழைத்துக்கொண்டு, இலண்டன் வழியாக ஆண்ட்வெர்ப் சென்றார். அங்கே பிரியாண்டாவைத் தியோகோ மணந்தார்.

தப்புவிக்கும் வழி

வணிகக் கப்பல்கள் மிளகோடு மனிதர்களையும் ஏற்றி வந்தன. இங்கிலாந்தின் தென்கரைத் துறைகளில் மென்டெஸ் நிறுவனத்தின் முகவர் கப்பலைச் சந்தித்து, ஆண்ட்வெர்ப் செல்வது பாதுகாப்பானதா என்று தப்பி வந்தோர்க்கு உரைப்பார். அங்கிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்கும், பின் உதுமானிய நாட்டிற்கும் செல்ல, எவ்வழியே போவது, எங்கே தங்குவது என்னும் அறிவுரைகளும் பணவுதவியும் அவர்களுக்குக் கிடைத்தன. ஒரு நாட்டில் கொடுத்த பணத்தை மறுநாட்டில் பெற்றுக்கொள்ள உதவும் மாற்றுச்சீட்டுகள் அந்நிறுவனத்திடம் இருந்தன. வணிகத்திற்கென அமைந்த அதே வலைப்பின்னல் உயிர்காக்கும் வலையும் ஆயிற்று.

தியோகோ 1543ஆம் ஆண்டளவில் மறைந்தபோது, நிறுவனத்தின் பொறுப்பை மனைவியிடம் அளிக்காமல் அண்ணியாரிடமே ஒப்படைத்தார். ஐரோப்பாவின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று ஒரு கைம்பெண்ணின் கைக்கு வந்தது. பேரரசர் ஐந்தாம் சார்லசின் கண் அதன்மேல் விழுந்தது. மகள் அனாவை உயர்குடி முதியவர் ஒருவர்க்கு மணமுடிக்குமாறு அரச குடும்பம் வற்புறுத்தியது. அம்மையார் இணங்கவில்லை. ஆக்கன் நகரின் வெந்நீர் ஊற்றுகளில் நீராடச் செல்வதாகக் கூறிக் குடும்பத்தோடு புறப்பட்டவர் திரும்பவே இல்லை. விட்டுச்சென்ற உடைமைகளைப் பேரரசரின் ஆட்கள் கைப்பற்ற முனைந்தனர்.

வெனிசில் வேறொரு சோதனை காத்திருந்தது. தன் கணவரின் செல்வத்தில் தனக்கும் தன் மகளுக்கும் உரிய பங்கினைக் கேட்டுப் பிரியாண்டா அக்காவின்மீது வழக்குத் தொடுத்தார். பகைவரால் நேராத இடர் உடன்பிறப்பால் நேர்ந்தது எனினும், தங்கையின் பக்கமும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கணவரின் விருப்பமுறியில் தனக்கு இடமின்றிப் போன ஒரு தாயின் முறையீடு அது. தீர்ப்பு அம்மையார்க்கு உகந்ததாக அமையாமையால், அவர் ஃபெர்ராரா நாட்டிற்குச் சென்றார்.

பெயர் வெளிப்பட்ட இடம்

ஃபெர்ராராவின் கோமகன் இரண்டாம் எர்க்கோலே புலம்பெயர்ந்த யூதர்களை ஏற்றுக்கொண்டவர். அங்கேதான் பியாட்ரிஸ் டி லூனா என்னும் பெயர் உதிர்ந்தது. நாற்பது வயதை எட்டும் நிலையில் அம்மையார் கிரேசியா நாசியாக உலகின்முன் நின்றார்.

1553ஆம் ஆண்டில் ஃபெர்ராராவில் எபிரேய வேதத்தின் இசுபானிய மொழிபெயர்ப்பு அச்சாயிற்று. எபிரேயம் மறந்துபோன புதுக்கிறித்தவர்க்கு அவர்தம் வேதத்தை மீட்டளித்த நூல் அது. அதன் படிகள் சில கோமகனுக்கும், சில கிரேசியா நாசி அம்மையார்க்கும் உரிமையாக்கப்பட்டன. அதே ஆண்டில், தம் இனத்தாரின் துன்பங்களையும் ஆறுதல்களையும் பற்றிச் சாமுவேல் உஸ்கே போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய நூலும் இவர்க்கே படைக்கப்பெற்றது. அரசியர்க்கு நூல் படைக்கும் காலத்தில், நாடற்ற ஒரு வணிகப் பெண்மணிக்கு நூல்கள் படைக்கப்பட்டன.

இங்கே ஒரு வினா எழுகிறது. மறைவு நீங்கிய பின்னர் அவர் ஏன் ஹன்னா என்னும் எபிரேய வடிவத்திற்குத் திரும்பாமல் கிரேசியாவாகவே நின்றார்? பிரியாண்டாவின் மகளுக்கும் பெரியம்மாவின் பெயரே வழங்கியது. அவ்விளம்பெண்ணின் உருவம் பொறித்த பதக்கம் ஒன்றைப் பஸ்தோரினோ என்னும் கலைஞர் 1558ஆம் ஆண்டளவில் செய்தார். அதில் கிரேசியா நாசி என்னும் பெயர் எபிரேய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஐபீரியச் சொல், எபிரேய எழுத்து! மொரிஸ்கோக்கள் இசுபானிய மொழியை அரபு எழுத்தில் எழுதிக் காத்தனர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்தனர். வாழும் மண்ணின் மொழியும் வழிபாட்டின் எழுத்தும் ஒருவர் நெஞ்சில் பகையின்றி வாழ முடியும் என்பதே இதன் விடை. விரட்டிய நாட்டின் மொழியையும் அவர்கள் தம்முடையதாகவே கருதினர்.

உதுமானியப் புகலிடம்

1492இல் இசுபானியா விரட்டிய யூதர்களைச் சுல்தான் இரண்டாம் பாயசீது தம் நாட்டில் குடியமர்த்தினார். அவர் பேரர் சுல்தான் சுலைமான் ஆட்சியில், அரண்மனை மருத்துவரான மோசே ஹாமோன் என்னும் யூதர் அம்மையார்க்காகப் பரிந்துரைத்தார். அம்மையாரின் பயணத்திற்கு இடையூறு நேராதவாறு வெனிஸ் அரசை வலியுறுத்தச் சுல்தானின் தூதர் அனுப்பப்பட்டார். 1553ஆம் ஆண்டளவில் கிரேசியா நாசி கான்ஸ்டாண்டிநோபிள் வந்து சேர்ந்தார்.

அங்கே யூதர்க்கு முஸ்லிம்களோடு முழுச் சமநிலை இருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. அவர்கள் ஜிஸ்யா வரி செலுத்தினர். சில கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டனர். ஆயினும் அங்கே எவரும் தம் பெயரை மறைக்க வேண்டியதில்லை. தொழுகைக்கூடத்திற்கு அஞ்சி அஞ்சிச் செல்ல வேண்டியதில்லை. அன்றைய ஐரோப்பாவில் கிட்டாத பேறு அது. அனா இங்கே அரசி எனப் பொருள்படும் ரெய்னா என்னும் பெயரைப் பெற்றார். ஜுவாவ் மிக்கேஸ் யோசேப்பு நாசி ஆனார். இருவர்க்கும் 1554இல் மணம் நிகழ்ந்தது. யோசேப்பு பின்னர்ச் சுல்தான் இரண்டாம் சலீமால் நக்சோஸ் தீவின் கோமகனாக உயர்த்தப்பட்டார்.

கலாட்டாப் பகுதியில் வாழ்ந்த அம்மையாரை மக்கள் ‘லா சென்யோரா’, அதாவது ‘தலைவியார்’ என்றே அழைத்தனர். அவர் தொழுகைக்கூடங்களையும் கல்விக்கூடங்களையும் நிறுவினார். சிறைப்பட்டோரை மீட்கப் பொருள் ஈந்தார். நாள்தோறும் எண்பது வறியவர் அவர் இல்லத்தில் உணவு உண்டனர் என்பர். லிஸ்பனில் கிறித்தவராக அடக்கம் செய்யப்பட்ட கணவரின் எலும்புகளை வரவழைத்து, ஜெரூசலத்தின் ஒலிவ மலையில் அடக்கம் செய்வித்தார்.

அங்கோனாவின் நெருப்பு

அம்மையாரின் வாழ்வில் மிகப் பெரிய முயற்சி தோல்வியில் முடிந்தது. இத்தாலியின் அங்கோனாத் துறைமுகம் போப்பின் ஆட்சிக்கு உட்பட்டது. முந்தைய போப்புகள் அளித்த உறுதிமொழியை நம்பிப் போர்த்துக்கல் புதுக்கிறித்தவர் பலர் அங்கே குடியேறி, வெளிப்படையாகவே யூத நெறியில் வாழ்ந்தனர். 1555இல் பதவியேற்ற போப் நான்காம் பால் அவ்வுறுதியை மீறி அவர்களைச் சிறையிட்டார். அம்மையார் சுல்தானை அணுகினார். 1556 மார்ச்சில் சுல்தான் சுலைமான் போப்புக்கு மடல் விடுத்தார். உதுமானியக் குடிகளுக்கு அது உதவியது, மற்றவர்க்கு உதவவில்லை. அவ்வாண்டிலேயே இருபதுக்கும் மேற்பட்டோர் எரிக்கப்பட்டனர்.

அம்மையாரும் யோசேப்பும் மற்றொரு படைக்கலத்தை எடுத்தனர். உதுமானிய நாட்டு யூத வணிகர் எவரும் அங்கோனாவிற்குச் சரக்கு அனுப்பலாகாது. எல்லாம் அருகிலுள்ள பெசாரோத் துறைமுகத்திற்கே செல்ல வேண்டும் என்பது அவர்தம் அழைப்பு. சில மாதங்கள் அங்கோனாவின் கரை வெறிச்சோடியது. ஆனால் ஒற்றுமை நிலைக்கவில்லை. பெசாரோவின் துறை போதிய வசதியற்றது என வணிகர் சிலர் முறையிட்டனர். அங்கோனாவில் எஞ்சியிருந்த யூதர்களோ, இம்மறுப்பால் போப்பின் சினம் தங்கள்மேல் பாயும் என்று கண்ணீரோடு எழுதினர். கான்ஸ்டாண்டிநோபிளின் யூத அறிஞர் யோசுவா சொன்சினோவும் இதற்கு இணங்க மறுத்தார். முயற்சி கலைந்தது. எதிர்பார்த்த ஆதாயம் வாராமையால், பெசாரோவை ஆண்ட உர்பினோ கோமகனும் 1558இல் தாம் ஏற்ற புதுக்கிறித்தவரை வெளியேற்றினார்.

இத்தோல்வி அவர் புகழுக்கு இழுக்காகாது. எரிப்போரை எதிர்க்க நாடும் படையும் இல்லாத ஒருவர், வணிகத்தையே அறத்தின் கருவியாக்க முயன்றார். ஒருவர்க்கு அருளாகத் தோன்றுவது மற்றொருவர்க்கு இடராகவும் முடியலாம் என்னும் கடினமான உண்மையையும் அங்கோனா நமக்கு உணர்த்துகிறது.

அதன்பின் கலிலேயா ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த திபேரியா நகரைச் சுல்தானிடம் குத்தகைக்குப் பெற்று, புலம்பெயர்ந்தோரைக் குடியமர்த்த அவர் முனைந்தார். மதில் எழுப்பப்பட்டது, பட்டுத்தொழிலுக்காக முசுக்கொட்டை மரங்கள் நடப்பட்டன. அக்குடியிருப்பும் எதிர்பார்த்தவாறு செழிக்கவில்லை. 1569இல் கிரேசியா நாசி அம்மையார் மறைந்தார். துருக்கியின் இசுமீர் நகரில் ‘சென்யோரா’ என்னும் பெயரோடு விளங்கும் தொழுகைக்கூடம் இன்றும் அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது.

நிறைவுரை

வள்ளுவர் அருளைக் குழந்தையாகவும், பொருளை அதனை வளர்க்கும் செவிலியாகவும் உருவகித்தார். அவ்வுருவகத்திற்கு ஒரு மனித வாழ்வைச் சான்றாகக் காட்ட வேண்டுமாயின் கிரேசியா அம்மையாரைக் காட்டலாம். மன்னர்கள் அவருடைய பெயரின் ஒலியைத் தடுத்தனர். பொருளைத் தடுக்க அவர்களால் இயலவில்லை. சீலோவில் குரலெழாமல் வேண்டிய ஹன்னாவைப் போலவே, அப்பெயரும் போர்த்துக்கலில் குரலெழாமல் வாழ்ந்து, பின்னர் உலகறிய ஒலித்தது.

ஹன்னா, அன்னாள், அருள் என மூன்று சமயத்தார் வீடுகளிலிருந்து நம் வகுப்பறைகளுக்குப் பெண்கள் வருகின்றனர். அப்பெயர்களுக்குப் பொருள் ஒன்றே. மாணவச் செல்வங்கள் தத்தம் பெயரின் பொருளைத் தேடி அறிதல் வேண்டும்; அடுத்தவர் பெயரின் பொருளையும் கேட்டறிதல் வேண்டும். அண்டை வீட்டார் தம் பெயரை அச்சமின்றிச் சொல்லக்கூடிய ஊரே அருள் நிலவும் ஊர். அத்தகைய ஊரைத் தேடித்தான் கிரேசியா நாசி அம்மையார் ஐரோப்பா முழுவதையும் கடந்து நடந்தார்.